சீபாப் மாஸ்க் காற்றுக் கசிந்தால்: பட்டியை இறுக்க முன் பார்க்க வேண்டியவை

நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிற வருத்தத்துக்கு சீபாப் மெசின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதி மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கிற மெசின்) எடுத்து, கொஞ்ச நாளிலேயே அதை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தவர்கள் எங்கள் பக்கம் கனபேர். கேட்டால் மெசினைக் குறை சொல்ல மாட்டார்கள். "அந்த மாஸ்க் எனக்குச் சரிவரேல்லை" என்பார்கள். கொழும்பில் வாங்கியதென்றால் விற்றவர் கதிரையில் இருத்தி ஒருக்கா மாட்டிக் காட்டியிருப்பார். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ யாரோ ஒருவரின் சூட்கேசில் வந்ததென்றால் அதுவும் இல்லை, பெட்டியைத் திறந்து படத்தைப் பார்த்து மாட்டியதுதான். பிறகு காற்றுப் போகும், பட்டியை இறுக்குவார்கள், இன்னும் போகும், இன்னும் இறுக்குவார்கள், விடிய எழும்பினால் முகத்தில் தழும்பு.

எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான கசிவு பட்டியைத் தளர்த்தித்தான் தீரும். அதனால் உங்கள் அறிகுறி கீழே எதுவாக இருந்தாலும் முதலில் இந்தப் பகுதியைச் செய்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும் தளர்த்தி, திரும்ப மாட்டுவது

குஷனை, அதாவது மாஸ்க்கில் முகத்தோடு படுகிற மெத்தை விளிம்பை, விரலால் தடவிப் பாருங்கள். சிலிக்கன் குஷன் என்றால் வெளிச்சுவர் தடிப்பாக இருக்கும், முகத்தில் படுகிற உள்மடல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக இருக்கும். மெசினில் இருந்து வருகிற காற்று அந்த மடலை உள்ளிருந்து ஊதித் தோலோடு ஒட்ட வைக்கிறது. ஆக, கசிவை அடைப்பது காற்றுத்தான். பட்டியின் வேலை மாஸ்க்கை அந்த இடத்தில் அசையாமல் நிறுத்துவது, அவ்வளவுதான். பட்டியை இழுத்து இறுக்கினால் மடல் நசிந்து மடிகிறது, மடிந்த இடத்தில் ஒரு வாய்க்கால் உண்டாகிறது, காற்று அந்த வழியால் போகிறது.

செய்முறை இதுதான். உங்கள் கட்டிலில், நீங்கள் வழமையாக வைக்கிற தலையணையில் படுங்கள். இருந்துகொண்டு மாட்டிப் பார்ப்பது வீண்வேலை, ஏனென்றால் படுத்தவுடன் கன்னச்சதை காதுப் பக்கம் சரிந்து, தாடையும் பின்னுக்குப் போய், முகமே வேறு முகமாகிவிடும். மெசினைப் போடுங்கள். சீபாப் மெசின்களின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அளவு வரை போகும். ராம்ப் (அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுகிற வசதி) போட்டிருந்தால் தொடக்கத்தில் மெல்லிய காற்றுத்தான் வரும், அதில் எந்த மாஸ்க்கும் நல்ல பிள்ளைதான். சாமத்தில் 11, 12 என்று ஏறும்போதுதான் குணம் தெரியும். ஆகவே ராம்ப்பை நிறுத்திவிட்டு உங்கள் உண்மையான அழுத்தத்தில் பாருங்கள். ரெஸ்மெட் கம்பெனியின் மெசின் சிலவற்றில் "மாஸ்க் ஃபிட்" என்றே ஒரு தெரிவு இருக்கிறது, அதை அழுத்தினால் கொஞ்ச நேரம் பலமாக ஊதி, சரியா பிழையா என்று முகப்படம் போட்டுக் காட்டும்.

வெல்குரோ முழுவதையும் தளர்த்துங்கள். மாஸ்க்கை ஒரு கையால் முகத்தில் இலேசாகப் பிடியுங்கள். மூக்கு மாஸ்க் என்றால் கீழ்விளிம்பு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் வரவேண்டும். முழுமுக மாஸ்க் என்றால் வாயைச் சற்றுத் திறந்தபடி, கீழ்விளிம்பு கீழுதட்டுக்கும் நாடிக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் இருக்கவேண்டும். இப்போது மேல்பட்டி இரண்டையும் ஒரே நேரத்தில், இரண்டு கையாலும், நேரே பின்பக்கமாகச் சமமாக இழுத்து ஒட்டுங்கள். பிறகு கீழ்ப்பட்டி இரண்டும் அதே மாதிரி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் மாஸ்க் கோணும். மேல்பட்டி காதுக்கு மேலாலும் கீழ்ப்பட்டி காதுக்குக் கீழாலும் போகவேண்டும், பின்துண்டு பிடரியில், மண்டையோடு கழுத்துக்கு இறங்குகிற இடத்தில் இருக்கவேண்டும். காற்று நின்றவுடன் இழுப்பதை நிறுத்துங்கள். பட்டிக்கும் கன்னத்துக்கும் இடையில் இரண்டு விரல் சிரமமில்லாமல் போகவேண்டும்.

சரிவந்த பிறகு, வெல்குரோ வந்து ஒட்டின இடத்துக்கு நேரே பட்டியில் நிற நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். கழுவிக் காயப்போட்டு எடுத்தால் எங்கே ஒட்டுவதென்று தேடத் தேவையில்லை. கிளிப் உள்ள மாஸ்க்கில் வெல்குரோவைத் தொடாமல் கிளிப்பால் மட்டும் கழற்றி மாட்டப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

கண்ணுக்குள் காற்று அடிக்கிறது

இதுதான் அதிகம் பேர் சொல்கிற முறைப்பாடு. விடிய எழும்பும்போது கண் காய்ந்து சிவந்திருக்கும், கண்வருத்தம் என்று சொட்டுமருந்து விடுவார்கள். காரணம் மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் உள்ள இடைவெளி.

முதலில் மாஸ்க்கை முகத்தில் இருந்து ஒரு அங்குலம் நேரே முன்னுக்கு இழுத்து, காற்றுக் குஷனை நிரப்ப விட்டு, மெதுவாகத் திரும்ப வையுங்கள். மடிந்த மடல் விரிந்து ஒட்டிக்கொள்ளும். அனேகமாக இதிலேயே தீர்ந்துவிடும், பட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

தீரவில்லை என்றால் எல்லோரும் மேல்பட்டியை இறுக்கப் போவார்கள். பொறுங்கள், கீழ்ப்பட்டியைப் பாருங்கள். கீழ்ப்பட்டி அளவுக்கு மீறி இறுகியிருந்தால் மாஸ்க்கின் அடி உள்ளே அமிழ்ந்து தலைப்பக்கம் முகத்தை விட்டு எழும்பும், அந்த இடைவெளியால்தான் கண்ணுக்குக் காற்று வரும். கீழ்ப்பட்டியை இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். அதன் பிறகும் போனால் மட்டும் மேல்பட்டியில் மிகச் சிறிய ஒரு இழுவை. நெற்றியில் தாங்கி வைத்த பழைய மாதிரி மாஸ்க் என்றால் அந்தத் தாங்கியை முன்னுக்குப் பின்னுக்கு மாற்றுகிற திருகியோ படியோ இருக்கும். தாங்கி நெற்றியைவிட்டுத் தள்ள, மாஸ்க்கின் மேல்பக்கம் மூக்குத்தண்டில் அமரும், ஒரு படி மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டியதுதான்.

நெற்றித் தாங்கி உள்ளவர்களுக்கு இன்னொன்று. படுக்க முன் திருநீற்றையும் சந்தனத்தையும் கழுவிவிடுங்கள். இராமுழுக்க அழுத்திக்கொண்டிருக்கிற தாங்கிக்குக் கீழே திருநீறு இருந்தால் உரசித் தோலை எடுக்கும், பிறகு மாஸ்க் கடித்துவிட்டது என்பீர்கள்.

எல்லாம் செய்தும் இரண்டு கண்ணின் மூக்குப்பக்க மூலையையும் குஷன் தொட்டுக்கொண்டிருந்தால் அளவு பெரிது. பட்டியால் அளவை மாற்ற முடியாது.

நாடிப் பக்கமும் கன்னத்தாலும் காற்றுப் போகிறது

முழுமுக மாஸ்க்கில்தான் இது. நித்திரை ஆழமானதும் வாய் திறந்து தாடை கீழே இறங்கும், குஷனின் அடி நாடியை விட்டு வழுகும். வாயை இறுக மூடிக்கொண்டு மாட்டிப் பார்த்திருந்தால் கட்டாயம் இப்படித்தான் நடக்கும், அதுதான் மேலே வாயைச் சற்றுத் திறந்தபடி என்று சொன்னேன். ஆ என்று ஒருமுறை திறந்து பாருங்கள், குஷன் உங்களோடு சேர்ந்து வரவேண்டும்.

கட்டுப்பல் வைத்திருக்கிற ஆட்கள் கவனிக்கவேண்டும். பல்லோடு மாட்டிப் பார்த்துவிட்டு, படுக்கும்போது பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டால் கன்னம் உள்ளே போய்விடும். இராத்திரி எப்படிப் படுப்பீர்களோ அப்படியே மாட்டிப் பாருங்கள். அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ நீங்கள் சரிசெய்து கொடுப்பதென்றால் இதை வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், வெட்கம்.

தாடியும் அப்படித்தான். மாலை போட்டு விரதம் இருக்கிற காலத்தில் திடீரென்று கசியத் தொடங்கினால் மெசினைச் சந்தேகிக்காதீர்கள், நாடியில் வளர்ந்த மயிர்தான் மடலைத் தூக்கி வைத்திருக்கிறது. விரதம் முடியும்வரை மூக்குத் துளையில் வைக்கிற பிலோ வகை மாஸ்க் கிடைத்தால் அதைப் பாவியுங்கள், அது தாடிக்கு இடைஞ்சல் இல்லாதது. ஆனால் வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு அது சரிவராது.

மூக்குத்தண்டு சிவக்கிறது, புண்ணாகிறது

எழும்பின பிறகு தெரிகிற சிவப்பு கொஞ்ச நேரத்தில் மங்கிவிட்டால் பயமில்லை. மத்தியானம் வரையும் இருந்தால், தொட்டால் நொந்தால், பட்டி இறுக்கம். இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் விடுங்கள், காற்றுப் போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் போகாது.

பழைய வேட்டித்துணியில் ஒரு மெல்லிய துண்டு வெட்டிக் குஷனுக்கும் தோலுக்கும் இடையில் வைக்கலாம், வியர்வையையும் உறிஞ்சும். கொஞ்சம் காற்றுக் கசியும், பொறுக்கக்கூடிய அளவென்றால் விடுங்கள். செய்யக்கூடாதது, எண்ணெய் பூசுவது. தேங்காயெண்ணெயோ வாசலீனோ பூசினால் புண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் குஷன் வழுக்கும், வழுக்கினால் திரும்ப இறுக்குவீர்கள், சிலிக்கனும் கெதியாகப் பழுதாகும்.

தோல் உரிந்துவிட்டதென்றால் அந்த மாஸ்க்கை அந்த இடத்தில் வைக்காதீர்கள், வேறு வகை மாஸ்க்குக்கு மாறுவது பற்றி டொக்டரிடம் கேளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

தலைப்பட்டி பிடரியில் இருந்து மேலே ஏறுகிறது

கீழ்ப்பட்டி இறுக்கம் கூடினாலும் ஏறும், மேல்பட்டியின் உச்சித்துண்டு நெடுகலாக இருந்தாலும் ஏறும், ஆனால் யாழ்ப்பாணத்தில் முதற் காரணம் எண்ணெய். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகி, சீயாக்காய் முழுவதும் போகாமல் படுத்தால் அன்றிரவு எந்தப் பட்டியும் நிற்காது. முழுக்கு நாளில் நேரத்தோடு முழுகித் தலையை நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். தினமும் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் இரவில் வைக்காமல் காலையில் வைக்கலாம்.

நீள முடி உள்ள பெண்கள் கொண்டையைப் பிடரியில் போட்டால் பட்டியின் பின்துண்டு கொண்டைக்கு மேல் ஏறி நிற்கும். தளர்வான பின்னலாகப் பின்னி, பின்துண்டுக்குக் கீழால் இழுத்து ஒரு தோளில் போட்டுவிடுங்கள். அல்லது உச்சியில் முடிந்துகொண்டு, மேல்பட்டிக்கும் கீழ்ப்பட்டிக்கும் நடுவில் உள்ள வெளியால் அந்த முடிச்சை எடுத்துவிடலாம், சில பட்டிகளுக்கு இது பட்டியை நிறுத்துகிற ஆணியாகவே வேலை செய்கிறது.

நேரே படுத்தால் சரி, பக்கம் திரும்பினால் கசிகிறது

பட்டியில் பிழையில்லை. தலையணையும் ரியூப்பும்தான். கல்லுமாதிரிப் பஞ்சு அடைத்த தலையணை மாஸ்க்கின் ஒரு பக்கத்தைத் தள்ளிவிடும். தலையணையின் விளிம்புக்கு முகத்தைக் கொண்டு வந்து, மாஸ்க் வெளியே தொங்குகிற மாதிரிப் படுத்தால் தீரும். ரியூப் கட்டிலுக்குக் கீழே தொங்கினால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மாஸ்க்கை இழுக்கும். அதைக் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலால் எடுத்து ஒரு துணிநாடாவால் இலேசாகக் கட்டி, திரும்பிப் படுக்கிற அளவுக்கு நீளத்தை விடுங்கள்.

நுளம்பு வலை போடுகிற வீட்டில் ரியூப்பை வலையின் அடிவிளிம்பால் உள்ளே எடுங்கள். வலைக்கயிற்றில் கட்டினால் சாமத்தில் நீங்கள் திரும்ப வலை முழுதும் உங்கள் மேல் விழும், பக்கத்தில் படுத்திருக்கிற ஆள் சும்மா இருக்கமாட்டார்.

முன்னிரவு சரி, விடியப்புறம் கசிகிறது

மூன்று காரணம் வரும். தானாக அழுத்தம் மாற்றுகிற மெசின் விடியப்புறத்தில் அழுத்தத்தைக் கூட்டுவது ஒன்று. சித்திரை, வைகாசி வெக்கையில் முகம் வியர்த்து எண்ணெய்த்தன்மை வருவது மற்றது. மூன்றாவது, பட்டி பழசாகி இழுபட்டுப் போவது, முதலில் பிடித்து நிற்கும், சில மணித்தியாலத்தில் தளர்ந்துவிடும்.

படுக்க முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள், குஷனையும் துடையுங்கள். நித்திரைத் தூக்கத்தில் கசிந்தால் பட்டியில் கை வைக்காமல் மாஸ்க்கைத் தூக்கித் திரும்ப வைத்துவிட்டுப் படுங்கள், நித்திரைத் தூக்கத்தில் இறுக்குகிற இறுக்கம் எப்போதும் ஒரு பக்கம் கூடித்தான் இருக்கும். காலையில் மெசின் காட்டுகிற கசிவு அளவைப் பாருங்கள். ரெஸ்மெட் மெசின்கள் நிமிடத்துக்கு 24 லீற்றருக்கு மேல் போனால்தான் கூடுதல் என்று எடுக்கின்றன. அதற்குள் இருந்து, உங்கள் நித்திரையும் குழம்பவில்லை என்றால் அந்தக் கசிவோடு சண்டை பிடிக்காமல் விடுங்கள்.

புஸ் என்று விடாமல் ஒரு சத்தம்

மாஸ்க்கின் முன்பக்கத்திலோ, ரியூப் பூட்டுகிற வளைந்த துண்டான முழங்கையிலோ சின்னச்சின்னத் துளைகள் இருக்கும். அதால் காற்று வரத்தான் வேண்டும், நீங்கள் வெளிவிடுகிற கரியமிலவாயு அதால்தான் போகிறது. கசிவென்று நினைத்து அதன்மேல் பிளாஸ்ரர் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். எது எதுவென்று தெரியவில்லையா, விரலை நனைத்துக் குஷனின் விளிம்பைச் சுற்றிப் பிடியுங்கள், குளிர்ச்சி தெரிகிற இடம்தான் கசிவு. அந்தத் துளைக் காற்று பக்கத்தில் படுக்கிறவரின் முகத்துக்கு அடித்தால் முழங்கையைத் திருப்பிவிடுங்கள்.

வாய் காய்ந்து போகிறது

மூக்கு மாஸ்க் போட்டு வாயைத் திறந்தால் காற்று வாயால் போகும். இதற்குப் பட்டியை என்ன செய்தாலும் பயனில்லை. மூக்கடைப்பு இருந்தால் அதைப் பாருங்கள், அப்புறம் வாய் திறவாமல் நாடியைத் தாங்குகிற நாடிப்பட்டி, அதுவும் சரிவராவிட்டால் முழுமுக மாஸ்க்.

நித்திரையில் தானே கழற்றி எறிகிறார்

இது பெரும்பாலும் மனைவிமார் கேட்கிற கேள்வி. இறுக்கிக் கட்டிவிட்டால் கழற்ற மாட்டார் என்று மட்டும் நினைக்காதீர்கள். சத்தி வந்தால், மூச்சு முட்டினால், கண்ணை மூடிக்கொண்டே ஒரு இழுவையில் கழற்றத் தெரிந்திருக்கவேண்டும். அதைப் பகலில் நாலைந்து தரம் செய்து பழகச் சொல்லுங்கள். கழற்றி எறிவதற்குக் காரணம் கசிவு, அரிப்பு, அல்லது பழக்கமின்மை. பின்னேரம் ரீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு இருந்தால் முகம் பழகிவிடும்.

கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடும் என்ற பயமும் இதற்குள் இருக்கிறது. முழுமுக மாஸ்க்கில் ஒரு வால்வு உண்டு, மெசின் நின்றதும் அது திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். மூக்கு மாஸ்க்கில் வாயைத் திறந்தால் போதும். இதை அவருக்கு விளங்கப்படுத்தினாலே பாதிப் பயம் போய்விடும்.

பட்டியும் வெல்குரோவும் பிடிக்கவில்லை

வெல்குரோவின் கொக்கிப் பக்கத்தில் தலைமயிரும் பஞ்சும் சேர்ந்திருக்கும், பழைய பல்துலக்கியால் சுரண்டுங்கள். குஷனை நாளாந்தம், பட்டியைக் கிழமைக்கு ஒருக்கா, மென்சூட்டுத் தண்ணீரில் மிருதுவான சவர்க்காரம் போட்டுக் கையால் கழுவுங்கள். டெற்றோல், புளீச் எதுவும் வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், சில இடத்தில் உவரும் சேர்த்தி, நன்றாக அலசாமல் விட்டால் காய்ந்த பிறகு பட்டி விறைத்துக் கன்னத்தை அறுக்கும். ஈரலிப்பாக்கியில் (காற்றை ஈரமாக்குகிற மெசினின் தண்ணீர்த் தொட்டியில்) அந்தத் தண்ணீரை விடவே வேண்டாம், வெள்ளைப் படிவு பிடிக்கும், வடித்த நீர்தான் விடவேண்டும்.

காயவைப்பது நிழலில். வேலியில் வெயிலுக்குப் போட்டால் இழுவைத்தன்மை போய்விடும். மாரியில் காயாது, அதற்காக அயன் பிடிக்கக்கூடாது, மத்தியானத்துக்கு முன் கழுவி ஃபானுக்குக் கீழே தொங்கவிடுங்கள். கழுவியும் நூல்தையல் போட்ட இடத்தில் நிற்காமல் ஒவ்வொரு கிழமையும் இன்னும் உள்ளே உள்ளே ஒட்டவேண்டி வந்தால் பட்டியின் காலம் முடிந்துவிட்டது.

காந்தக் கிளிப் பற்றி

புது மாஸ்க்குகள் பலவற்றில் கீழ்ப்பட்டி காந்தக் கிளிப்பால் பூட்டுகிறது. வசதிதான், ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளையில் உலோகக் கிளிப்போ, மூளைநீரை வடிக்கிற ஷன்ற் குழாயோ வைத்தவர்கள் போடக்கூடாது. பிலிப்ஸ் 2022 இலும் ரெஸ்மெட் 2023 இலும் இதற்கு எச்சரிக்கை விட்டிருக்கின்றன, காந்தம் அப்படியான கருவிக்கு 6 அங்குலத்துக்குக் கிட்ட வரக்கூடாது. மாஸ்க் போடுகிறவருக்கு மட்டும் இல்லை, அதே கட்டிலில் படுக்கிறவருக்கும் இது பொருந்தும். காந்தம் இல்லாத கிளிப் உள்ள மாஸ்க்குகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

புதிதாக எடுப்பிக்கும்போது

"ஒரு மாஸ்க் வாங்கி அனுப்பு தம்பி" என்று மட்டும் சொன்னால் கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். பழைய மாஸ்க்கின் மாதிரிப் பெயரையும், குஷனில் பொறித்திருக்கும் எஸ், எம், எல் என்ற அளவெழுத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். தலைப்பட்டிக்கு அளவு தனி, அது பட்டியின் பின்பக்கத் துணித்துண்டில் போட்டிருக்கும். முகம் சிறுத்துத் தலை பெருத்தவர்களுக்கு இரண்டும் ஒரே எழுத்தாக இருக்காது. எடை கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ பழைய எழுத்தை நம்பாமல், அந்த மாஸ்க் கம்பெனியின் அளவுத்தாளை அச்செடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அச்செடுக்கும்போது தாளைச் சுருக்கவோ பெருப்பிக்கவோ விடாதீர்கள். பட்டி மட்டும் இழுபட்டிருந்தால் பட்டியை மட்டும் எடுப்பிக்கலாம், அது தனியாகவும் கிடைக்கும், முழு மாஸ்க்கின் காசைக் கொடுக்கத் தேவையில்லை.